பல்லின் உயிர்த்திசுவும் கிருமிநாசினிக் கழுவுநீர்களும்: தென்காசி – குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல் மருத்துவத்தில் பயன்படும் கிருமிநாசினிக் கழுவுநீர்கள் நுண்ணுயிர்களைக் கொல்வதோடு பல்லின் உயிருள்ள திசுக்களையும் தாக்கக்கூடியவை. ஒரு கழுவுநீர் எவ்வளவு கிருமிகளைக் கொல்லும் என்பதும், அது எவ்வளவு உயிரணுக்களை விட்டுவைக்கும் என்பதும் இரு வேறு வினாக்கள். முதல் வினாவுக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் உரியதாகக் கொள்வது ஆய்விலும் அன்றாட வழக்கிலும் காணப்படும் பிழையாகும். சோடியம் ஹைப்போகுளோரைட், குளோர்ஹெக்சிடின், ஈ.டி.டி.ஏ. ஆகிய கழுவுநீர்களின் செயல்முறையையும், அடிபட்டு விழுந்த பல்லைக் காக்கும் முறையையும், குற்றால மலைச்சரக்குகளான கிராம்பு, திரிபலை ஆகியவற்றின் நிலையையும் இவ்விரு வினாக்களின் வழியே இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பற்கூழ், பல்சூழ் நார்த்திசு, குருத்தணு, கழுவுநீர், சோடியம் ஹைப்போகுளோரைட், திரிபலை, கிராம்பு, குற்றாலம்.

முன்னுரை

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும் சூன் மாதத்தில் குற்றாலத்தில் சாரல் காலம் பிறக்கின்றது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகிய இடங்களில் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் குடும்பத்தோடு வந்து நீராடுகின்றனர். நீர் ஓயாது வழியும் பாறை வழுக்கும் தன்மையுடையது. அதில் ஒரு சிறுவன் முகம் குப்புற விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவன மேல்தாடையின் நடு முன்பற்களே. பல் உடையலாம், வேரோடு பெயர்ந்தும் விழலாம்.

அவ்வேளையில் உடனிருப்போர்க்கு முதலில் தோன்றுவது கழுவுதல். விழுந்த பல்லை அருவி நீரில் தேய்த்துக் கழுவுவதும், கையிலிருக்கும் கிருமிநாசினியை ஊற்றுவதும் நல்லெண்ணத்தால் செய்யப்படுவனவே. ஆயினும் பல்லைக் காக்க வேண்டிய அச்செயல்களே அதன் உயிர்த்திசுவை அழித்துவிடக்கூடும். இதே சிக்கல் வேறு வடிவில் மருத்துவரின் முன்னும் நிற்கின்றது. தொற்றை நீக்கும் அளவுக்கு வலிமையும், திசுவைக் காக்கும் அளவுக்கு மென்மையும் உடைய நீர்மம் எது என்பதே அவர் எதிர்கொள்ளும் கேள்வி. இவ்விரு நிலைகளையும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பல்லில் உயிருள்ளவை எவை?

பல்லின் புறத்தே உள்ள எனாமலில் உயிரணுக்கள் இல்லை. அதனடியில் உள்ள டென்டைன் நுண்குழல்களால் ஆனது. டென்டைனின் நடுவிலுள்ள அறையில் இரத்தக்குழல்களும் நரம்புகளும் உயிரணுக்களும் கொண்ட பற்கூழ் அமைந்துள்ளது. டென்டைனை உருவாக்கும் உயிரணுக்கள் பற்கூழின் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன. வேரின் புறப்பரப்பில், பல்லைத் தாடையெலும்போடு பிணைக்கும் பல்சூழ் நார்த்திசு உள்ளது.

வளரும் பருவத்தில் மூன்றாவதாக ஓர் இடமும் முதன்மை பெறுகின்றது. மேல் நடு முன்பல் ஏறத்தாழ 7 வயதில் முளைக்கின்றது. அதன் வேர் முழுமையடைய 10 வயது அளவில் ஆகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேர்நுனி புனல் போலத் திறந்திருக்கும். அங்கே வேரை வளர்க்கவல்ல குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) செறிந்த மென்திசு உள்ளது. இப்பருவத்தில் பற்கூழ் இறந்துபோனால் வேரின் வளர்ச்சி தடைப்படும். மெல்லிய சுவருடைய வேர் பின்னாளில் எளிதில் முறியும். ஆகவே எஞ்சிய குருத்தணுக்களைக் காப்பது அப்பல்லின் எதிர்காலத்தையே காப்பதாகும்.

எனாமல் குறைவின்றி இருக்கும் பல்லில் வாய் கொப்பளிக்கும் நீர் பற்கூழை நேரடியாகத் தொடுவதில்லை. எனவே அன்றாட வாய்கொப்பளிப்பைக் குறித்து இங்கே அச்சம் எழுப்பப்படவில்லை. பற்கூழோ வேர்ப்பரப்போ வெளிப்பட்ட நிலையே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. கிருமிநாசினியின் இருமுகம்: வரலாற்றுப் பின்னணி

கிருமியைக் கொல்வது திசுவையும் கொல்லக்கூடும் என்னும் உணர்வு முதல் உலகப்போரின் புண்களிலிருந்து பிறந்தது. 1915இல் வேதியியலாளர் ஹென்றி டேக்கின், புண்ணைக் கழுவ ஏறத்தாழ 0.5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை அறிமுகப்படுத்தினார். அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கரேலுடன் இணைந்து அவர் வகுத்த முறை போர்க்கள மருத்துவமனைகளில் பரவியது. கரைசலின் செறிவையும் காரத்தன்மையையும் திசு தாங்கும் அளவுக்குள் நிறுத்துவதே டேக்கினின் முதன்மையான அக்கறையாக இருந்தது.

அதே போரில் பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் மற்றொரு பக்கத்தைக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் முள் போன்ற நீட்சிகளை அமைத்து, ஆழமான புண்ணின் மாதிரி ஒன்றை அவர் உருவாக்கினார். கிருமிநாசினி அந்த நீட்சிகளின் இடுக்கிலிருந்த நுண்ணுயிர்களைச் சென்றடையவில்லை. மேலும், நுண்ணுயிர்களை எதிர்க்கும் வெள்ளணுக்களை அது விரைந்து அழிப்பதையும் அவர் கண்டறிந்தார். பெனிசிலினைக் கண்டறிவதற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பணி இது.

வேர்க்குழலும் ஒருவகையில் இத்தகைய புண்ணே. குறுகிய குழலும், பக்கக் கிளைகளும், சுவரில் ஒட்டிய நுண்ணுயிர்ப்படலமும் கொண்ட அவ்விடத்தில் நீர்மம் எல்லா மூலைகளுக்கும் செல்வதில்லை. அதனால் செறிவைக் கூட்டும் போக்கு உருவாயிற்று. போர்ப்புண்ணுக்கு 0.5 விழுக்காட்டில் தொடங்கிய நீர்மம் வேர்க்குழல் மருத்துவத்தில் 5, 6 விழுக்காடு வரை உயர்ந்தது. இறந்த பற்கூழை மட்டுமே அகற்ற வேண்டிய முதிர்ந்த பல்லுக்கு அப்போக்கு பொருந்திற்று. உயிர்த்திசுவைக் காக்கும் மருத்துவம் வளர்ந்த பின்னரே டேக்கினின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

3. மூன்று கழுவுநீர்களின் செயல்முறை

சோடியம் ஹைப்போகுளோரைட் கொழுப்பைச் சோப்பாக மாற்றுகின்றது. புரதங்களின் அமினோ தொகுதிகளோடு குளோரினைப் பிணைத்து அவற்றைச் சிதைக்கின்றது. இறந்த திசுவைக் கரைக்கும் ஆற்றலே இதன் தனிச்சிறப்பு. ஆனால் நுண்ணுயிரின் புரதத்தையும் மனித உயிரணுவின் புரதத்தையும் பிரித்தறியும் ஆற்றல் இதற்கு இல்லை. டென்டைனில் பொதிந்துள்ள வளர்ச்சிக் காரணிகளும் புரதங்களே. மிகுந்த செறிவில் அவையும் சிதைகின்றன. வேர்நுனியைக் கடந்து இந்நீர்மம் அழுத்தத்துடன் வெளியேறினால் கடும் வலியும் வீக்கமும் தோலடி இரத்தக்கசிவும் உடனே தோன்றும்.

குளோர்ஹெக்சிடின் நேர்மின்னேற்றம் உடையது. நுண்ணுயிரின் உறையோடு பிணைந்து அதனைக் குலைக்கின்றது. இது திசுவைக் கரைப்பதில்லை; இதன் மணமும் ஹைப்போகுளோரைட்டைப் போலக் கடுமையானதன்று. ஆகவே இது மென்மையான நீர்மம் என்னும் எண்ணம் இயல்பாக எழுகின்றது. உண்மையில் இது டென்டைனில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் செயலாற்றுகின்றது. உயிரற்ற வேர்க்குழலில் நன்மையாகும் இப்பண்பு, அதே சுவரில் புதிய உயிரணுக்கள் ஒட்டி வளர வேண்டிய நிலையில் தீமையாகின்றது.

ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பற்றி இழுக்கும் சேர்மம். பல் மருத்துவத்தில் 17 விழுக்காட்டுக் கரைசலாகப் பயன்படுகின்றது. இதன் கிருமி கொல்லும் ஆற்றல் குறைவு. எனினும் டென்டைன் பரப்பின் கனிமத்தை நீக்கி, உள்ளே சிறைப்பட்டிருக்கும் வளர்ச்சிக் காரணிகளை இது வெளிக்கொணர்கின்றது. கிருமி கொல்லும் திறனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கடைசி இடம் பெறும் இந்நீர்மம், திசு வளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளும்போது முதலிடத்துக்கு வருகின்றது.

இம்முரணை 2011இல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வு தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவின் சான் அந்தோனியோவில், மனித வேர்நுனிக் குருத்தணுக்களை வேர்க்குழல் மாதிரியில் வைத்துப் பல்வேறு கழுவுமுறைகள் ஒப்பிடப்பட்டன. 17 விழுக்காட்டு ஈ.டி.டி.ஏ. மட்டும் பயன்பட்ட மாதிரிகளில் 89 விழுக்காட்டு உயிரணுக்கள் உயிரோடிருந்தன. 6 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டும் ஈ.டி.டி.ஏ.வும் மாறி மாறிப் பயன்பட்ட முறையில் அது 74 விழுக்காடாயிற்று. 2 விழுக்காட்டுக் குளோர்ஹெக்சிடின் இடம்பெற்ற முறைகளில் உயிருள்ள அணுக்களே காணப்படவில்லை. 2014இல் வெளியான தொடர் ஆய்வு, ஹைப்போகுளோரைட்டின் தீங்கு செறிவைச் சார்ந்தது என்பதையும், 1.5 விழுக்காட்டுக் கரைசலைத் தொடர்ந்து ஈ.டி.டி.ஏ. பயன்படுத்துவது குருத்தணுக்களுக்கு ஏற்றது என்பதையும் நிறுவியது.

4. நான்கு நிலைகள், நான்கு தேவைகள்

'பாதுகாப்பானது' என்னும் சொல் எந்தத் திசுவுக்கு, எந்நிலையில் என்று சொல்லப்படாதவரை பொருளற்றது. பல்லின் நிலைகளைப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

முதல் நிலை, பல் உடைந்து பற்கூழ் வெளிப்பட்டும் உயிரோடிருப்பது. இங்கே மேற்பரப்பிலுள்ள சிறுபகுதியை நீக்கி, எஞ்சியதைக் காப்பதே சிகிச்சை. 1978இல் ட்சுவெக் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைப் பகுதி நீக்கத்துக்குப் பின் கால்சியம் ஹைட்ராக்சைடு இடப்பட்ட பற்களில் 96 விழுக்காடு குணமடைந்தன. இன்றைய வழிகாட்டுதல்கள் இங்கு ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை மென்மையாக வைத்துக் குருதியை நிறுத்துவதை ஏற்கின்றன. இரத்த ஓட்டமுள்ள முழுமையான திசு, தொடுபரப்பில் ஏற்படும் சிறு இழப்பைத் தாங்கிக்கொள்ளும். அத்துடன் சில நிமிடங்களில் இரத்தம் நிற்காவிடில், அழற்சி ஆழத்தில் பரவியுள்ளது என்பதற்கு அது அறிகுறியாகவும் அமைகின்றது.

இரண்டாம் நிலை, வேர் முழுமையடையாமலே பற்கூழ் இறந்துபோவது. 2001இலும் 2004இலும் வெளியான மருத்துவப் பதிவுகள், இத்தகைய பற்களிலும் வேர் தொடர்ந்து வளரக்கூடும் என்பதைக் காட்டின. இங்கே காக்கப்பட வேண்டியவை, கழுவுநீர் சென்றடையக்கூடிய தொலைவில் தனித்து நிற்கும் குருத்தணுக்கள். அமெரிக்க வேர்க்குழல் மருத்துவர் சங்கத்தின் நடைமுறைக் குறிப்பு, 1.5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் 20 மில்லிலிட்டரை 5 நிமிடங்களில் மெல்லச் செலுத்தவும், பின்னர் உப்புநீராலோ ஈ.டி.டி.ஏ.வாலோ கழுவவும், ஊசி நுனியை வேர்முனையிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலக்கி வைக்கவும் கூறுகின்றது. செறிவு, அளவு, நேரம், தொலைவு, வரிசை ஆகிய ஐந்தும் இதில் வரையறுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

மூன்றாம் நிலை, வேர் முழுமையடைந்த பல்லில் பற்கூழ் இறந்திருப்பது. குழலினுள் காக்க வேண்டிய உயிர்த்திசு இல்லை. ஆகவே கூடுதல் செறிவு இங்கே ஏற்கத்தக்கது. வேர்நுனிக்கு அப்பால் நீர்மம் கசியாமல் காப்பதே கவலை. ஹைப்போகுளோரைட்டும் குளோர்ஹெக்சிடினும் ஒன்றாகக் கலந்தால் செம்பழுப்பு நிறப் படிவு உண்டாவதால் அவற்றை அடுத்தடுத்துக் கலக்கவிடலாகாது.

நான்காம் நிலை, பல் வேரோடு பெயர்ந்து விழுவது. இங்கே காக்க வேண்டியது வேரின் புறப்பரப்பில் ஒட்டியிருக்கும் பல்சூழ் நார்த்திசு. இதற்கு எந்தக் கிருமிநாசினியும் பொருந்தாது. குற்றாலச் சூழலில் இந்நிலை தனியே விளக்கத்தக்கது.

5. விழுந்த பல்லும் ஒரு மணி நேரமும்

பன்னாட்டுப் பற்காய மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, விழுந்த நிலைப்பல்லை அவ்விடத்திலேயே, ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் அதன் குழியில் பொருத்துவது சிறந்தது. காற்றில் உலர்ந்து 60 நிமிடங்களைக் கடந்த பல்லின் நார்த்திசு பெரும்பாலும் இறந்துவிடுகின்றது. அதன்பின் பொருத்தினாலும் வேர் நாளடைவில் எலும்போடு ஒட்டி, எலும்பாலேயே மாற்றீடு செய்யப்பட்டுத் தேய்ந்து மறையும்.

குற்றாலத்திலிருந்து தென்காசி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கும் மிகுதி. சாரல் காலக் கூட்டத்தில் அருவியை விட்டு வெளியேறுவதற்கே நேரமாகும். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் பல் எதில் வைக்கப்படுகின்றது என்பதே அதன் விதியை முடிவு செய்யும்.

அருவி நீர் கண்ணுக்குத் தூயது. ஆனால் அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு உயிரணுவினுள் இருப்பதைவிட மிகக் குறைவு. அந்நீரில் ஊறவைத்தால் நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கி வெடிக்கச் செய்யும். தீங்கு நீரின் அழுக்கில் இல்லை, நீரின் தன்மையில் உள்ளது. எனினும் பல்லை உலரவிடுவது அதனினும் கேடானது. கிருமிநாசினியும் சோப்பும் தேய்ப்பும் நார்த்திசுவை நேரடியாக அழிக்கின்றன. வேரில் ஒட்டியிருக்கும் செந்நிற மென்படலம் பலருக்கு அழுக்காகத் தோன்றும். அதுவே காக்கப்பட வேண்டிய திசு.

பால் இங்கே முதலிடம் பெறுகின்றது. அதன் உப்புச் செறிவு உயிரணுவினுடையதற்கு நெருங்கியது. அமில காரநிலை நடுநிலையை ஒட்டியது. தேநீர்க் கடையில் கொதிக்கும் பாலன்று, குளிர்ந்த பாக்கெட் பாலே ஏற்றது. பால் கிடைக்காவிடில் உப்புநீர்க் கரைசலும், அடிபட்டவரின் உமிழ்நீரும் பயன்படும்.

இளநீரைக் குறித்த ஆய்வு தமிழகத்திலேயே நிகழ்ந்தது. கோபிகிருஷ்ணா முதலிய சென்னை ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வக ஒப்பீட்டில், பல்சூழ் உயிரணுக்களைக் காப்பதில் இளநீர் பாலைவிடச் சிறந்து விளங்கியது. இளநீரின் இயல்பான அமிலத்தன்மை உயிரணுவுக்கு ஒவ்வாதது எனப் பிற்கால ஆய்வுகள் சில மாறுபட்டன. 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் பட்டியலில் இளநீர் இடம்பெறவில்லை. எனவே பால் கிடைக்குமிடத்தில் பாலையே தேர்வது தக்கது. வேறொன்றும் இல்லாதபோது பல்லை உலரவிடுவதினும் இளநீரில் இடுவது மேலானது எனக் கொள்ளலாம்.

பல்லை வேரில் தொடாமல் தலைப்பகுதியில் பிடித்தல், அழுக்கிருந்தால் பாலில் மெல்ல அலசுதல், குழியில் பொருத்துதல் அல்லது பாலில் இட்டு விரைதல் என்னும் வரிசை எளிதில் கற்பிக்கத்தக்கது. பால்பற்களை மீண்டும் பொருத்தலாகாது என்பதையும் இணைத்துச் சொல்ல வேண்டும்.

6. மலைச்சரக்குகளும் விடுபட்ட வினாவும்

குற்றாலம் மருத்துவச் சரக்குகளுக்கும் பெயர்பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களின் தோட்டங்களை இங்கே அமைத்தது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. எனவே 'மூலிகை தீங்கற்றது' என்னும் கருத்தை இவ்வட்டாரத்தின் சரக்குகளைக் கொண்டே ஆராய்வது பொருந்தும்.

கிராம்பு எண்ணெயின் முதன்மைப் பொருள் யூஜெனால். சிறிதளவில் அது வலியையும் அழற்சியையும் தணிக்கின்றது. மிகுந்த செறிவில் உயிரணுக்களைக் கொல்கின்றது. துத்தநாக ஆக்சைடோடு கலந்து பல்லடைப்பில் இடும்போது டென்டைன் வழியே சிறுகச் சிறுகக் கசிவதால் அது நோயாளிக்கு இதம் தருகின்றது. அதே கலவையை வெளிப்பட்ட பற்கூழின் மீது நேரே வைத்தால் நாள்பட்ட அழற்சி உண்டாகின்றது. பொருள் ஒன்றே, நன்மை தீமைகளை வகுப்பவை அளவும் இடமுமே.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்த திரிபலை சென்னையில் ஆராயப்பட்டு, 2010இல் ‘ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. பல்லின் மீது வளர்க்கப்பட்ட எந்தெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் நுண்ணுயிர்ப்படலத்தை எதிர்த்துத் திரிபலையும் பச்சைத் தேயிலைச் சாரமும் குறிப்பிடத்தக்க ஆற்றலைக் காட்டின. 5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் மிகச் சிறந்த ஆற்றலைக் காட்டிற்று. உள்நாட்டுச் சரக்கு ஒன்றை முறையான அளவீட்டுக்கு உட்படுத்திய சிறந்த பணி இது. எனினும் அது விடை தந்தது இக்கட்டுரையின் முதல் வினாவுக்கே. குருத்தணுக்கள் திரிபலையைத் தாங்குமா என்பது தனியாக அளக்கப்பட வேண்டிய இரண்டாம் வினா.

அவ்வினாவைத் தவிர்க்க முடியாமைக்கு வேதியியல் காரணம் உண்டு. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் புரதத்தோடு பிணைந்து அதனை இறுகச் செய்பவை. தோல் பதனிடக் கடுக்காய் பயன்பட்டதும் இப்பண்பினாலேயே. அப்பிணைப்பும் நுண்ணுயிரின் புரதத்தோடு மட்டும் நின்றுவிடுவதன்று. அன்றியும் குடிநீரின் செறிவு, சரக்கின் தரத்துக்கும் காய்ச்சும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். ஹைப்போகுளோரைட்டை 1.5 விழுக்காடு என வரையறுத்துப் பேச முடிந்ததனாலேயே அதன் தீங்கை அளக்கவும் குறைக்கவும் முடிந்தது. தரப்படுத்தப்பட்ட, நுண்ணுயிர் நீக்கிய சாறு இல்லாத நிலையில் மூலிகை நீரை வெளிப்பட்ட பற்கூழில் இடுவது ஏற்புடையதன்று. இது சித்த மருத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. நவீன நீர்மங்களுக்கு விதித்த அதே தேர்வை மூலிகைக்கும் வைப்பதேயாகும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன பின்வருமாறு:

• கிருமி கொல்லும் திறனும் திசுப் பாதுகாப்பும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை. குளோர்ஹெக்சிடின், ஈ.டி.டி.ஏ. ஆகியவற்றின் ஒப்பீடு இதனைத் தெளிவாக்குகின்றது.

• எந்தக் கழுவுநீரும் தன்னளவில் பாதுகாப்பானதோ தீங்கானதோ அன்று. செறிவு, அளவு, நேரம், தொலைவு, வரிசை ஆகியவற்றோடு பல்லின் நிலையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

• விழுந்த பல்லுக்குக் கிருமிநாசினி வேண்டா; ஈரமும் விரைவுமே வேண்டும். அருவிக்கரையில் எளிதாகக் கிடைக்கும் குளிர்ந்த பால் அதற்குப் போதுமானது.

• மூலிகைக் கழுவுநீர் ஆய்வுகள் நுண்ணுயிர் அழிப்போடு நில்லாமல், பற்கூழ் உயிரணுக்களின் உயிர்ப்பையும் அளக்க வேண்டும். மலைச்சரக்குகளின் மரபும் சித்த மருத்துவக் கல்வியும் உள்ள தென்பாண்டி வட்டாரம் இத்தகைய கூட்டாய்வுக்கு ஏற்ற களமாகும்.

ஆய்வகத்தில் பெற்ற விழுக்காடுகள் அருவிக்கரை வரை சென்றடையும்போதே அவற்றின் பயன் நிறைவுறும். விழுந்த பல்லைத் தேய்த்துக் கழுவாமல் பாலில் இடவேண்டும் என்பதை அறிந்த ஒரு பள்ளி ஆசிரியரோ, ஒரு கடைக்காரரோ குற்றாலத்தில் இருப்பின், ஒரு சிறுவனின் பல் அவனுக்கே மீளக் கிடைக்கும்.